ரெஃபரன்ஸ் லெட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்க

வெளிநாட்டுக்குப் புதுசா வந்து வேலை தேடுறவங்களுக்காக எழுதுறேன், நான் பட்டது என்னோட போகட்டும்.

ஊர்ல இருந்து கொண்டு வர்ற எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் இங்க கேக்குற ரெஃபரன்ஸ் லெட்டரும் ஒண்ணு இல்லீங்க. நம்ம சர்டிபிகேட்ல சேர்ந்த தேதி, விலகின தேதி, நன்னடத்தை, ஒரு சீல், அவ்ளோதான். இங்க வேண்டியது, எழுதுறவர் யாரு, உங்களை எத்தனை வருஷமா தெரியும், நீங்க நிஜமா என்ன வேலை பாத்தீங்க, கடைசில அவரோட பதவி, ஆபீஸ் இமெயில், நாட்டு கோடோட போன் நம்பர். லெட்டர்ஹெட்ல ஒரு பக்கம் போதும். "சின்சியர், ஹார்ட்வொர்க்கிங்"னு எழுதினா யாரும் கண்டுக்க மாட்டாங்க, "மாசக் கணக்கு முடிக்க அஞ்சு நாள் ஆகும், இவர் வந்தப்புறம் ரெண்டே நாள்"னு ஒரு வரி இருந்தா படிப்பாங்க.

ரெஸ்யூமே பத்தி சட்டுனு சொல்லிடறேன். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேரு, கல்யாணம் ஆச்சா இல்லையா எதுவும் போடுறதில்ல. "மேற்கண்டவை அனைத்தும் உண்மை"ங்கற டிக்ளரேஷனும் வேண்டாம். கவர் லெட்டர் ஒரு பக்கம், விளம்பரத்துல கேட்டதுக்கு மட்டும் பதில்.

இப்ப நான் மாட்டின இடத்துக்கு வரேன். பேரு.

ஆபீஸ்ல நாம எல்லாரும் இனிஷியலும் பேரும்தான். பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு எழுதணும், அப்பா பேரு போய் சர்நேம் கட்டத்துல உக்காந்துக்கும். இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சு, ரெஃபரன்ஸ் செக் ஒண்ணுதான் பாக்கி, எச்ஆர்ல இருந்து என் பழைய மேனேஜருக்கு போன் போட்டு "மிஸ்டர் இன்னார் உங்ககிட்ட வேலை பாத்தாரா"ன்னு கேட்டிருக்காங்க. அந்த இன்னார் எங்கப்பா! லாரி ஓட்டினவரு, அந்த கம்பெனி வாசலைக்கூட மிதிச்சதில்ல. மேனேஜர் பாவம் நேர்மையான மனுஷன், "அப்படி யாரும் இங்க இல்லையே"ன்னு சொல்லி வச்சுட்டார். எனக்கு வந்தது "வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்"னு ரெண்டு வரி மெயில். காரணம் சொல்லல. ஒரு வாரம் கழிச்சு அவரே வாட்ஸ்அப்ல "யாரோ ஒருத்தரைப் பத்தி விசாரிச்சாங்கப்பா, உனக்குத் தெரியுமா"ன்னு அப்பா பேரை அனுப்பினப்பதான் தலைல அடிச்சுக்கிட்டேன். எட்டு வருஷம் அவரோட வேலை பாத்திருக்கேன்.

அதனால லெட்டரோட முதல் வரிலயே பாஸ்போர்ட்ல இருக்கற முழுப் பேரு, கூடவே "எங்கள் அலுவலகத்தில் இந்தப் பெயரால் அறியப்பட்டவர்"னு இனிஷியல் பேரு, ரெண்டும் இருக்கட்டும். பழைய லெட்டர்ல இனிஷியல் மட்டும் இருந்தா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு கம்பெனிகிட்ட எழுதி வாங்கிக்குங்க, அங்க ஆள் மாறிட்டா அப்புறம் அலையணும். அப்ளிகேஷன்லயும் ரெஃபரன்ஸ் குடுக்கறவர் பேருக்குக் கீழ "இவருக்கு என்னை இந்த இனிஷியல் பேர்லதான் தெரியும்"னு ஒரு வரி சேர்த்துடுங்க. முக்கியமா அவருக்கு முன்கூட்டியே போன் பண்ணி, "சார், எங்கப்பா பேரைச் சொல்லிக் கேப்பாங்க, அது நான்தான்"னு சொல்லிடுங்க, எந்த நாட்டு நம்பர்ல இருந்து வரும், அவருக்கு அப்ப மணி என்ன இருக்கும்னும் சொல்லுங்க, இல்லன்னா ஏதோ லோன் கால்னு கட் பண்ணிடுவார். ஒத்தைப் பேரு மட்டும் உள்ளவங்க பாடு இன்னும் மோசம், அமெரிக்க விசால பேருக்கு முன்னாடி எஃப்என்யுன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பேரு தெரியல) போட்டுடுவாங்க, அதையே பேருன்னு நெனச்சு கூப்பிடுற ஆபீஸும் இருக்கு.

அடுத்த வேலை இப்படிச் செஞ்சுதான் கிடைச்சுது. பேட்ஜ்ல அப்பா பேரு பெருசா, என் பேரு பொடியா. அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், கண்ணாடியை மாட்டிப் பாத்துட்டு "உன் பேரு எங்கடா"ன்னாங்க.