இனப்பெருக்க, கருவளர்ச்சி உயிரியலில் முதுநிலைப் படிப்புக்கு ஆயத்தமாவது எப்படி?

இத்துறையில் மேற்படிப்பை நாடுவோர் பலர் பல்கலைக்கழகத்தின் பெயரை முதலில் முடிவுசெய்துகொண்டு, ஆய்வுத் தலைப்பைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். உங்களை விடாமல் உறுத்தும் கேள்வி எதுவென்று முதலில் கண்டுகொண்டு, அதற்கேற்ற உயிரினத்தையும், பிறகு அதில் பணிபுரியும் நெறியாளரையும் தேடுவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

பெண்ணின் முட்டைச் செல்கள், அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றில் குரோமோசோம்கள் ஏன் பிழையாகப் பிரிகின்றன என்று கேட்பவருக்குச் சுண்டெலியின் சினைப்பை உதவும். இதயம் உருவாவதைக் கண்ணால் காண விழைபவருக்கு ஜீப்ரா மீன் ஏற்றது. ஒளி ஊடுருவும் அதன் கருவில், கருவுற்ற ஏறத்தாழ 24 மணி நேரத்தில் துடிப்பு தொடங்கிவிடும். மனிதக் கருவைப் பொறுத்தவரை, பல நாடுகளில் 14 நாட்களுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்க அனுமதியில்லை.

விண்ணப்பிப்பதற்கு முன்பே, உரிய அனுமதியோடும் வழிகாட்டுதலோடும் ஒரு கோழிக்கருவையேனும் பார்த்துவிடுங்கள். கருவுற்ற முட்டையைப் படுக்கைவாட்டில் 38 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒன்றரை நாள் அடைவைத்து, ஒரு முனையில் துளையிட்டுச் சில மில்லிலிட்டர் வெள்ளைக்கருவை ஊசியால் உறிஞ்சி எடுத்தால், கரு மேலோட்டை விட்டுச் சற்றுக் கீழிறங்கும். அதன்பின் ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டி, சிறு கத்தரிக்கோலால் சன்னல் போல வெட்டித் திறக்கலாம். கருவுக்கு அடியில் நீர்த்த கறுப்பு மையைச் செலுத்தியதும், நடுக்கோட்டின் இருபுறமும் இணை இணையாக அடுக்கிய சோமைட்டுகள் (பின்னாளில் முதுகெலும்பும் தசைகளும் ஆகும் திசுக்கட்டிகள்) துலங்கும். பத்து இணைகள் இருந்தால், 1951இல் கருவியலாளர்கள் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் கோழிக்கருவின் வளர்ச்சிக்கு வகுத்த 46 நிலைகளில் அது பத்தாம் நிலை. ஒரே வேளையில் அடைவைத்த இரு முட்டைகள்கூட வெவ்வேறு நிலைகளில் இருக்கக்கூடும் என்பதால், கடிகாரத்தை நம்பாமல் சோமைட்டுகளை எண்ணிப் பழகுங்கள்.

பாடங்களில் நாளமில்லாச் சுரப்பியியலும் புள்ளியியலும் கட்டாயம் வேண்டும். பழைய ஆய்வுக் கட்டுரைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1924இல் கருவியலாளர் ஸ்பீமனோடு சேர்ந்து ஹில்டே மங்கோல்ட் வெளியிட்ட ஆய்வு, மங்கோல்டின் முனைவர் பட்டத்துக்கானது. நிறமி குறைந்த நியூட் (வாலுள்ள நீர்நிலவாழ் உயிரி) இனத்தின் கருவிலிருந்து எடுத்த சிறு திசுவை நிறமி மிகுந்த இனத்தின் கருவில் ஒட்டவைத்ததால்தான், புதிதாகத் தோன்றிய இரண்டாம் உடல் அச்சில் (முதுகுப்புற அமைப்பில்) எந்தச் செல் எதனுடையது என்று அவரால் பிரித்தறிய முடிந்தது. சோதனையை வடிவமைப்பது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் எனக்குத் தெரியவில்லை.

நெறியாளருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவருடைய கட்டுரையிலுள்ள ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அடுத்து நீங்கள் எதைச் சோதிப்பீர்கள் என்று எழுதுங்கள். அங்கே பயிலும் மாணவர்களிடமும் பேசுங்கள். சுண்டெலிகள் இணைசேர்ந்தனவா என்று விடுமுறை நாட்களிலும் காலையில் பார்த்தாக வேண்டியிருப்பதால், அந்தப் பணியை அங்கே யார் யார் எவ்வாறு பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.