ஃப்ளோரிடா ஹோம்ஸ்கூல் இவாலுவேஷன்: ஜூன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்

"அக்கா, இவாலுவேஷன் எப்போ? ஸ்கூல் லீவு விட்டப்புறம் பார்த்துக்கலாம்ல?" ஏப்ரல் பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ஃப்ளோரிடாவில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் (ஹோம்ஸ்கூல்) பெற்றோர், அதன் முன்னேற்றத்தைப் பற்றிய மதிப்பீட்டை ஆண்டுதோறும் மாவட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் இந்த இவாலுவேஷன். முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஹோம்ஸ்கூலுக்கு ஜூன் மாதம் ஆண்டு முடிவு கிடையாது. வீட்டில் பாடம் ஆரம்பித்த 30 நாளுக்குள் மாவட்டக் (கவுண்டி) கல்விக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு, ஹோம்ஸ்கூல் தொடங்குகிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்தீர்களே, உங்கள் வருடம் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. நவம்பர் 12 கடிதம் என்றால் அடுத்த நவம்பர் 12க்குள் மதிப்பீடு போய்ச் சேர வேண்டும். பழைய மெயிலில் அந்தத் தேதியைத் தேடி எடுத்து, அதற்கு ஆறு வாரம் முன்னால் காலண்டரில் ஒரு குறி போடுங்கள். மே, ஜூனில் மதிப்பிடும் ஆசிரியர்களின் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வேறு மாதத்தில் கெடு உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்த மதிப்பீடே தேவைப்படாதவர்களும் விழுந்தடித்துக்கொண்டு செய்கிறார்கள். அம்ப்ரெல்லா ஸ்கூல் எனப்படும் தனியார் பள்ளியில் பெயர் பதிந்து வீட்டில் படிக்கும் பிள்ளை, சட்டப்படி தனியார் பள்ளி மாணவர். கவுண்டிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். 2023ல் வந்த, வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான பெப் (PEP) உதவித்தொகை வாங்குபவர்கள் வேறு கணக்கு. அவர்கள் ஆண்டுதோறும் தேர்வு எழுதி, மதிப்பெண்ணை உதவித்தொகை தரும் நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கவுண்டியில் ஹோம்ஸ்கூல் பதிவும், பெப்பும் இரண்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அவசரப்பட்டுக் கடிதம் கொடுப்பதும் வீண் வேலை. பிப்ரவரி 1க்குள் ஆறு முடிகிற பிள்ளைக்குத்தான் கட்டாயம்.

சட்டம் ஐந்து வழி தருகிறது. மாநில ஆசிரியர் சான்றிதழ் உள்ளவர் பிள்ளையின் போர்ட்ஃபோலியோவை (வருடம் முழுக்கச் சேர்த்த படிப்புத் தொகுப்பை) பார்த்து, பிள்ளையோடு பேசி எழுதித் தருவது ஒன்று. தேசிய அளவில் தரப்படுத்தப்பட்ட தேர்வு, மாநிலத் தேர்வு, உளவியலாளர் மதிப்பீடு, கண்காணிப்பாளரும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் வேறு முறை, இவை மற்ற நான்கு. எனக்குத் தெரிந்த நம்மூர்க் குடும்பங்களில் அநேகம் பேர் முதல் வழிதான். வீடியோ அழைப்பில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதில் யாரைப் பிடிக்கிறோம் என்பதுதான் சிக்கல். ஃப்ளோரிடாவின் செல்லுபடியாகும் முறையான சான்றிதழ் இருக்க வேண்டும். டெக்சாஸில் இருபது வருடம் பாடம் எடுத்த அத்தை, எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், இதற்கு ஆக மாட்டார். இரண்டாம் வருடம் நானே இதில் மாட்டினேன். ஆன்லைனில் ஒரு ஆசிரியை கிடைத்தார், அருமையாகப் பேசினார், பணமும் கட்டியாயிற்று. அவருடைய சான்றிதழ் நான்கு மாதம் முன்னமே காலாவதியாகி இருந்தது. வேறு ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். ப்ரொஃபஷனல் சான்றிதழுக்கும் காலாவதித் தேதி உண்டு, புதுப்பிக்க வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் நிலவரம் தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். தேர்வு வழியைத் தேர்ந்தால், அதையும் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்தான் நடத்த வேண்டும். "பெற்றோரே வீட்டில் நடத்தலாம்" என்று விற்கும் ஆன்லைன் தேர்வு உங்கள் திருப்திக்கு ஆகும், கவுண்டிக்கு ஆகாது.

இனி போர்ட்ஃபோலியோ. பாதி வீடுகளில் வண்டி குடை சாய்வது இங்கேதான். சட்டம் கேட்பது இரண்டு: பாடம் நடக்க நடக்க எழுதிய லாக் (நாட்குறிப்பு), பிள்ளையின் வேலைகளில் சில மாதிரிகள். "நடக்க நடக்க" என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தாம்பாவில் ஒரு தோழி, வீடியோ அழைப்புக்கு முந்தைய இரவு உட்கார்ந்து ஒரு வருட லாக்கையும் எழுதி முடித்தாள். ஒரே பேனா, தினமும் "கணக்கு, சயின்ஸ், ரீடிங்". பெருமையாக எனக்குப் படம் அனுப்பினாள். 2024 அக்டோபர் 10ஆம் தேதியைப் பார்த்தேன். "ஆன்லைன் கணக்கு, 2 மணி நேரம்." முந்தைய ராத்திரிதான் மில்டன் புயல் கரையேறியது. அவள் வீட்டில் நான்கு நாள் கரண்ட் இல்லை, போனுக்குக் காரில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள்!

லாக் என்றால் பெரிய எழுத்து வேலை என்று நினைத்துப் பயப்படுகிறோம். என் நோட்டிலிருந்து, மகனைப் பற்றி இரண்டு நாள் குறிப்பு (மானட்டி என்றால் கடல்பசு, ப்ளூ ஸ்பிரிங் அவை வரும் ஊற்று):

"ஜன. 14. ப்ளூ ஸ்பிரிங். மானட்டி அவன் 41 எண்ணினான், நான் 38. ஊற்றுத் தண்ணீர் 72 டிகிரி, ஆறு அதைவிடக் குளிர், அதான் இங்கே வருகிறது. வீட்டில் வரைந்தான்."

"ஜன. 15. பின்னக் கழித்தல், பக்கம் 62, 63. ஆறு தப்பு."

அவ்வளவே. அந்த ஆறு தப்புள்ள தாளை நான் தூக்கிப் போடவில்லை, மாதிரியில் வைத்தேன். மார்ச்சில் அதே பாடத்தில் ஒரு தப்பு வந்த தாளையும் பக்கத்தில் வைத்தேன். ஆசிரியை இந்த இரண்டையும்தான் அதிக நேரம் பார்த்தார். நம் ஆட்கள் நூற்றுக்கு நூறு வாங்கிய தாளை மட்டும் அடுக்கி வைக்கிறார்கள். பிள்ளையின் திறனுக்கேற்ற முன்னேற்றம் இருக்கிறதா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. முதல் ரேங்க் யாரும் கேட்கவில்லை. ஆரம்பத்துத் தாள் இல்லாமல் முன்னேற்றத்தை எப்படிக் காட்டுவது?

படித்த புத்தகங்களின் தலைப்பும் லாக்கில் இருக்க வேண்டும். தமிழ்ப் புத்தகங்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அதுவும் படிப்புதான். ஆசிரியருக்குப் புரிய, தலைப்பை ஆங்கில எழுத்திலும் எழுதிவிடுங்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, பாட்டு வகுப்பு எல்லாம் இதில் வரும்.

மாதிரிகளை ஆசிரியருக்கு அனுப்பும்போது 140 போட்டோவை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பாடத்துக்கு மூன்று நான்கு போதும், ஒரே பிடிஎஃப், தேதி வரிசையில். பக்கத்தை அழுத்திப் பிடித்த கட்டைவிரல் படத்தில் விழாமல் எடுங்கள்.

அழைப்பில் நடக்கும் கூத்து தனி. "இப்போ என்ன புத்தகம் படிக்கிறே?" என்று ஆசிரியர் பிள்ளையைக் கேட்பார். கேமராவுக்கு வெளியிலிருந்து அம்மா கிசுகிசுப்பாள், பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்க்கும். மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும். பேச வேண்டியது பிள்ளை. சும்மா இருக்க முடியாதென்றால் அடுப்படிக்குப் போய்விடுங்கள், நான் அப்படித்தான் போவேன்.

பிறகு, மதிப்பீட்டுப் படிவம். நம் பெயர் விவகாரம் இங்கே தலைகாட்டும். கடிதத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு, மதிப்பீட்டில் இனிஷியலோடு போட்டால், அலுவலகத்தில் இருப்பவருக்கு அவை இரண்டு பிள்ளைகள். முதல் கடிதத்தில் உள்ளபடியே எழுத்து மாறாமல் கொடுங்கள். பிறந்த தேதியில் இன்னும் கவனம். செப்டம்பர் 7ஐ நம் வழக்கப்படி 07/09 என்று எழுதினால் அங்கே ஜூலை 9 ஆகிவிடும். ஆசிரியர் அனுப்பிய படிவத்தில் கையெழுத்து, சான்றிதழ் எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மேலே அனுப்புங்கள்.

கவுண்டிக்குப் போக வேண்டியது அந்த மதிப்பீட்டின் நகல் மட்டுமே. ஆர்வக்கோளாறில் போர்ட்ஃபோலியோ முழுவதையும் போர்ட்டலில் ஏற்றுபவர்கள் உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. அது உங்கள் வீட்டில் இரண்டு வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் பார்க்க விரும்பினால் 15 நாள் முன்னதாக எழுத்தில் கேட்பார், அப்போது காட்டினால் போதும். முன்னேற்றம் போதவில்லை என்று வந்தாலும் உலகம் இடிந்துவிடாது. எழுத்தில் தெரிவிப்பார்கள், சரிசெய்ய ஒரு வருடம் கிடைக்கும்.

பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். "கிடைத்தது" என்று பதில் மெயில் வந்ததா? ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் போன் போட்டு, பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கவுண்டிக்கு வீடு மாறுகிறவர்கள், பழைய இடத்தில் 30 நாளுக்குள் முடிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, புது இடத்தில் முதலிலிருந்து பதிய வேண்டும். அங்கே உங்கள் தேதியும் மாறிவிடும், காலண்டரில் போட்ட குறியை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.