“நன்றாக இருக்கிறேன் டாக்டர்”: புற்றுநோய் வீடுகளில் நாம் செய்யும் தவறுகள்

அம்மாவுக்குக் குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ. ஊரிலிருந்து மருத்துவமனைக்கு நான்கு மணி நேரப் பஸ் பயணம். ஓ.பி.யில் காத்திருந்து உள்ளே போனதும் டாக்டர் கேட்பார்: “எப்படி இருக்கிறீர்கள் அம்மா?” அம்மா சொல்வார்: “நன்றாக இருக்கிறேன் டாக்டர்.” ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கீமோவுக்கு எழுதிக் கொடுப்பார். மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம்.

ஐந்தாவது கீமோவுக்குக் கிளம்பிய விடியற்காலையில் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார். “இந்த ஹூக்கைக் கொஞ்சம் போட்டுவிடு.” ஜாக்கெட்டின் முன்பக்க ஹூக். கண்ணாடி முன் நின்று, குனிந்து பார்த்துப் பார்த்து முயன்றிருக்கிறார். விரல் நுனி மரத்துப்போய், ஹூக் கையில் அகப்பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. விசாரித்தால், மூன்றாவது கீமோவிலிருந்தே இப்படித்தானாம். நான் வேலைக்குப் போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்து போட்டுவிட்டுப் போவாராம். ஃப்ரிட்ஜில் இருந்த சொம்பைத் தொட்டால் ஷாக் அடித்ததுபோல் சுரீரென்கிறதாம்.

“ஏன் அம்மா சொல்லவில்லை?”

“இதையெல்லாமா டாக்டரிடம் போய்ச் சொல்வார்கள்? மருந்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?”

அன்றைக்கு அம்மாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து நரம்பைத் தாக்கும். ஒவ்வொரு முறையும் ஏறும் மருந்து முந்தையதோடு சேர்ந்துகொள்ளும். நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மரப்பு கூடிக்கொண்டே போகலாம். ஹூக் போட முடியவில்லை என்றால் மருந்தின் அளவைக் குறைத்தாக வேண்டும் என்று சொல்லி அளவைக் குறைத்தார். இரண்டு கீமோவுக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். அந்த இரண்டு கீமோதான் இன்றும் என் மனதைப் பிசைகிறது.

முதல் தவறு இதுதான்: தொல்லையை மறைப்பது. அடுத்த தேதி வரை பொறுத்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். மூன்று வார இடைவெளியில் எவ்வளவோ நடந்துவிடும். பொறுமையைப் பெரிய குணமாகச் சொல்லி வளர்த்த வீடுகளில் இந்தத் தவறு இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், டாக்டர் ஈதன் பாஷ் தலைமையில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்கள் வாந்தி, வலி, மூச்சுத்திணறல், பசியின்மை என்று வழக்கமாக வரும் 12 தொல்லைகள் எப்படி இருக்கின்றன என்று கணினி வழியே தாங்களே பதிவு செய்தார்கள். ஏதாவது ஒன்று கூடினால் உடனே நர்ஸுக்குத் தகவல் போகும். நர்ஸ் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார், மருந்தை மாற்ற ஏற்பாடு செய்வார். புதிய மருந்து என்று எதுவும் தரப்படவில்லை. பதிவு செய்தவர்களில் 34 சதவீதம் பேரும், மற்றவர்களில் 41 சதவீதம் பேரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டியிருந்தது. பதிவு செய்தவர்களால் கீமோவையும் கூடுதல் காலம் தாங்க முடிந்தது. 2017இல் வெளியான முடிவு: பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (அதாவது, பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அதற்கு முன் கணினியே பழகாதவர்களுக்குத்தான் இந்த முறையால் பலன் அதிகமாகக் கிடைத்தது. “எங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது” என்று யாராவது சொல்லும்போது இது என் நினைவுக்கு வரும்.

இந்த எண்களை மந்திரம்போல் பிடித்துக்கொள்வதும் தவறு என்று சொல்லிவிட வேண்டும். பின்னர் அமெரிக்காவின் 52 புற்றுநோய் மையங்களில், 1,191 பேரிடம் இதே யோசனையை விரிவாகச் சோதித்தார்கள். தொல்லைகள் குறைந்தன, உடல் இயக்கம் மேம்பட்டது. ஆனால் ஆயுள் நீளவில்லை. என்னைக் கேட்டால், வலி குறைந்து, நடமாட முடிந்து, இரவில் தூங்க முடிந்தால் அதற்காகவே இதைச் செய்யலாம்.

கணினி வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். கனடாவின் எட்மண்டனில் 1991இல் டாக்டர் எடுவார்டோ புருவேராவும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய அளவுகோலை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். வலி, சோர்வு, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கலக்கம், பசி, மூச்சு, மொத்தத்தில் உடல்நிலை ஆகிய ஒன்பதுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போடுவார்கள். அவ்வளவுதான். அம்மாவின் நோட்டில் “கை மரப்பு” என்று பத்தாவதாக ஒரு வரி சேர்த்தோம். “வலி இருக்கிறது” என்றால் டாக்டருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. “திங்கட்கிழமை மூன்று, வியாழக்கிழமை ஏழு” என்றால் தெரியும்.

பெரியப்பாவுக்கு வேறு கணக்கு. எண்பதைத் தாண்டியவர், நுரையீரல் புற்றுநோய். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விழிப்பார். ஒரு நாள் அவராகவே சொன்னார்: “நேற்று எட்டு அணா வலி. இன்றைக்குப் பன்னிரண்டு அணா.” அதற்குப் பிறகு அணாவிலேயே எழுதினோம். பதினாறு அணா என்றால் முழு வலி. அவருக்குக் கடைசி வரை கணக்குத் தப்பவில்லை.

அடுத்த தவறை அன்று ஓ.பி.யில் நானே செய்தேன். நோயாளிக்கு வாய் இருக்கும்போது வீட்டார் பதில் சொல்வது. அன்று அவசரம், சொன்னேன். பிறகும் வழக்கமாக்கிக்கொண்டேன். “சாப்பிடுகிறார், தூங்குகிறார்” என்று நானே ஒப்பித்தேன். ஒரு முறை அம்மா குறுக்கிட்டு, “தூங்குகிறேன் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்” என்றார். இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்திருக்கிறார். பக்கத்திலேயே படுக்கும் எனக்குத் தெரியவில்லை என்றால் மூன்று நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? நோயாளி சொல்வதையும் மருத்துவர் குறித்துவைப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: மருத்துவர்களின் குறிப்பில் தொல்லைகள் குறைவாகவே பதிவாகின்றன. படுத்திருப்பவரின் வலிக்கு அவர் சொல்லைத் தவிர வேறு மீட்டர் கிடையாது.

காய்ச்சலைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். கீமோ எடுத்த பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். பெரும்பாலும் முதல் வாரம் முடிந்து இரண்டாவது வாரத்துக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைக்காதீர்கள். மாத்திரை சூட்டைக் குறைத்துக் காட்டும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், உடனே கிளம்புங்கள். புதிதாக முதுகுவலி வந்து, கால் வலுவிழந்தாலோ சிறுநீர் போகச் சிரமப்பட்டாலோ அதற்கும் இதே அவசரம்தான்.

இனி, எங்கள் குடும்பம் செய்ததில் பெரிய தவறு. வலி, மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளைத் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கு (பாலியேட்டிவ் கேர்) பெரியப்பாவை அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் உடைந்துபோனோம். கையை விரித்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டோம். பாலியேட்டிவ் கேர் என்றால் கடைசி நாட்கள் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு மாதம் போகவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

நோய் தெரிந்தவுடனேயே, கீமோவோடு சேர்த்தே இந்தச் சிகிச்சையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ஜெனிஃபர் டெமெலும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு இருந்ததுபோன்ற, பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். 2010இல் வெளியான முடிவில், சேர்த்துப் பெற்றவர்களுக்கு வாழ்க்கைத்தரம் கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் பயனற்ற கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள். அப்படியிருந்தும் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். சீக்கிரம் போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நாங்கள் பயந்ததற்கு நேர்மாறு.

ஒருவழியாகச் சம்மதித்த பிறகு, கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் என்ற மருந்தின் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு இன்னொரு பயம். பழக்கமாகிவிடுமே, நாளைக்கு வலி கூடினால் கொடுக்க என்ன இருக்கும்? வீட்டுக்கு வந்த நர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கணக்கிட்டுத் தரும் மார்ஃபின் போதைப் பழக்கத்தில் கொண்டுபோய் விடுவது அரிது. வலி கூடினால் அவர்கள் பார்த்து அளவையும் கூட்டுவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்துத் தர வேண்டும். இடையில் வலி முட்டிக்கொண்டு வந்தால் அதற்குத் தனியாக ஒரு மாத்திரை உண்டு. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தர வேண்டும். பல வீடுகளில் மார்ஃபினைப் பாதியில் நிறுத்துவது இந்த மலச்சிக்கலால்தானாம். மூன்றாம் நாள் பெரியப்பா “நாலணா” என்றார். மாலையில் பேரனை அழைத்துச் சீட்டுக்கட்டை எடுத்துவரச் சொன்னார்.

இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் இருப்பு வைப்பதையே விட்டன. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய சிறிய கிளினிக்கிலிருந்துதான் கேரளத்தில் வீடு தேடிப் போகும் இந்தச் சேவை ஊர் ஊராகப் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் நோய் ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நாங்கள் இரண்டு மாதம் கேட்காமல் இருந்தோம்.

அம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன். எட்டு கீமோவும் முடிந்தன. உறவினர்கள் பழக்கூடையோடு வந்து, “எல்லாம் முடிந்தது, மறந்துவிடுங்கள்” என்றார்கள். ஃபைலைப் பரணில் போட இருந்தோம். தானே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்ட அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் 1985இலேயே இதைப் பற்றி எழுதினார். நீரில் மூழ்கியவரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கரையில் தனியே இருமிக்கொண்டு கிடக்க விட்டுவிடுகிறோம் என்பது அவர் ஆதங்கம்.

ஃபைலைப் பரணில் போடாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, எங்கே கதிர்வீச்சு என்ற விவரம் பல வருடம் கழித்தும் தேவைப்படும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிவப்பு நிற மருந்து சிலருக்குப் பின்னாளில் இதயத்தைப் பலவீனப்படுத்தும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். வளையல் இறுகுகிறது என்று தோன்றும்போதே காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தவர்கள் பல் பிடுங்கப் போனால் பல் டாக்டரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் தாடை எலும்பு ஆறாமல் அரித்துப்போகும் ஆபத்து இருக்கிறது.

“அசையாமல் ஓய்வெடுங்கள்” என்ற அறிவுரையும் தவறுதான். குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டு வருடம் கழித்து 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆலோசனைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு அம்மா இப்போது சாயங்காலம் குளத்தைச் சுற்றி வேக நடை போகிறார். கால் இன்னும் மரத்திருப்பதால் பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நோட்டை அவர் விடவில்லை. இப்போது மாதம் ஒரு முறை எழுதுகிறார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். கால் மரப்பு மூன்று, சோர்வு இரண்டு. கீழே, நான் சொல்லித்தராத ஒரு வரியை அவரே சேர்த்திருந்தார்: “திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் – ஏழு.”

“இதையும் டாக்டரிடம் காட்டலாமா?” என்று கேட்டார்.

“காட்டு அம்மா. நீயே சொல்.”

செவ்வாய்க்கிழமை ஸ்கேன். நோட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டார்.