தார் பாலைவனத்தில் காணாமல் போன தண்ணீர்

ஏப்ரலில் ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர் பக்கம் ஜீப்பில் போனோம், மூன்று பேர். பின்னால் 20 லிட்டர் கேன், அடியில் குழாய் வைத்தது. காலையில் நிரப்பினால் மாலைக்குள் பாதிதான் மிஞ்சும். நாங்கள் குடித்தது 6 லிட்டர்கூட இருக்காது.

கேனில் விரிசல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன். இல்லை. குழாயின் வாஷரை மாற்றினேன், டேப் சுற்றினேன். பலனில்லை. மூடியை இன்னும் இறுக்கினேன். அன்றைக்குத்தான் அதிகம் குறைந்தது!

குழப்பியது ஒன்றுதான்: எங்கேயும் ஈரமே இல்லை. நான்காம் நாள்தான் குழாய்க்குக் கீழே பலகையில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. அங்கே பிடித்தது உப்புக் கலந்த போர்வெல் தண்ணீர். ஒழுகிய நீர் அந்தக் காற்றில் உடனே காய்ந்துவிட, உப்பு மட்டும் தங்கியிருக்கிறது.

அப்புறம்தான் புரிந்தது. கேன் காலியாகக் காலியாக உள்ளே காற்று சேர்கிறது. மதிய வெயிலில் அது சூடாகி விரிந்து, தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. மூடி இறுக்கமென்றால் காற்றுக்கு வேறு வழி ஏது?

ஜீப் ஓடும்போது குழாய் மேலே பார்க்கும்படி கேனைப் படுக்கவைத்து, ஈரச் சாக்கால் மூடினேன். சாக்கு நனைக்க, பாத்திரம் கழுவிய நீரே போதும். அடுத்த நாள் மாலை அளந்தேன்: 13 லிட்டர் இருந்தது.