இந்தோனேசிய 'மெ': ங, ஞ, ந, ம தெரிந்தால் பாதி கிணறு தாண்டியாச்சு

இந்தோனேசிய மொழி கற்கத் தொடங்கிய புதிதில் 'மெனுலிஸ்' என்ற சொல்லை அகராதியில் 'மெ' வரிசையில் தேடித் தேடி அலுத்துப்போனேன். அது 'து' வரிசையில், 'துலிஸ்' (எழுது) என்ற வேர்ச்சொல்லுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. 'மெ' என்ற முன்னொட்டைக் கழற்றத் தெரியாவிட்டால் அகராதிகூட உதவாது.

ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்கு, எந்த எழுத்துக்கு முன் 'மெ' எப்படி மாறும் என்று ஓர் அட்டவணை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நமக்கு அது வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

படி 1: வேலை என்ன?

நாம் எல்லாவற்றையும் வினையின் வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள். 'மெ' வந்தால் எழுவாய்தான் அந்தச் செயலைச் செய்கிறது என்று பொருள். 'ஸாயா மெனுலிஸ் ஸுராத்' என்றால் நான் கடிதம் எழுதுகிறேன். நேற்றா நாளையா, நானா அவர்களா என்பதற்கெல்லாம் வினை மாறாது. இந்த 'மெ'யை எகரமாக அழுத்தாமல், அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் லேசாகச் சொல்லுங்கள்.

படி 2: இன எழுத்தை நினைவுபடுத்துங்கள்

க-ங, ச-ஞ, த-ந, ப-ம. சின்ன வயதில் ஒப்பித்ததேதான். வேர்ச்சொல் எந்த வல்லினத்தில் தொடங்குகிறதோ, அதன் மெல்லினம் 'மெ'யோடு சேர்கிறது. சேர்ந்ததும் அந்த வல்லினம் மறைந்துவிடும் (சகரத்தில் 'ஸ' ஒலி மட்டும்).

கிரிம் (அனுப்பு) → மெஙிரிம்
ஸாப்பு (பெருக்கு) → மெஞாப்பு
துலிஸ் → மெனுலிஸ்
பிலிஹ் (தேர்ந்தெடு) → மெமிலிஹ்

பாவம், நம் நெடுங்கணக்கில் சும்மா கிடந்த 'ஙி'க்கு ஒரு வழியாக வேலை கிடைத்தது!

படி 3: வன்மையா, மென்மையா?

'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' வன்மையாக ஒலிக்கிறது. மகரத்துக்குப் பின் வரும் 'ப' குழைகிறது. வேர் அந்தக் குழைந்த ஒலியில் தொடங்கினால் எதுவும் மறையாது. பாச்சா (வாசி) → மெம்பாச்சா, காலி (தோண்டு) → மெங்காலி. இரண்டிலும் முதலெழுத்தைப் 'பம்பரம்', 'தங்கம்' ஆகியவற்றின் நடுவில் வருவதுபோல ஒலிக்க வேண்டும். மெல்லினத்துக்குப் பின்னால் வன்மையான ஒலி வருவது நமக்கு ஒத்துவரவில்லை, அவர்களுக்கு 'மெ' சேரும் இடத்தில் பெரும்பாலும் ஒத்துவரவில்லை. நாம் அதைக் குழைத்துவிட்டோம், அவர்கள் விழுங்கிவிட்டார்கள்.

படி 4: மிச்சம் மீதி

உயிரெழுத்துக்கு முன் ங் வரும்: ஆம்பில் (எடு) → மெஙாம்பில். ல, ர, ம, ன ஆகியவற்றுக்கு முன் வெறும் 'மெ': லிஹாத் (பார்) → மெலிஹாத். 'க்ரித்திக்' (விமர்சனம்) போன்ற இரவல் சொற்களில், இரண்டு மெய்கள் சேர்ந்து தொடங்கினால் வல்லினம் மறையாமல் நிற்கும்.

படி 5: திரும்பிப் போகும் வழி

கற்பவர்கள் திணறுவது இங்கேதான். 'மெஙுக்குர்' என்று ஒரு சொல் வருகிறது. வேர் 'உக்குர்' என்றால் அளப்பது. 'குக்குர்' என்றால் தேங்காய் துருவுவது. மறைந்த 'க'வை யார் கண்டது? சூழலைத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'மெ'யைக் கழற்றி, செயப்பாட்டு வினைக்கான 'டி'யை மாட்டிக் கேளுங்கள். 'டி' எந்த எழுத்தையும் தின்னாது: டிஉக்குர், டிகுக்குர். குட்டு வெளிப்பட்டுவிடும். வீடுகளின் வாசலில் தொங்கும் 'டிஜுவால்' (விற்பனைக்கு) பலகையிலும் இதே 'டி'தான். வேர் 'ஜுவால்' (விற்பது).

'பெர்' என்ற முன்னொட்டு வேறு கதை. பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் 'அதை உடைய', 'அதைப் பயன்படுத்துகிற' என்று பொருள் தரும். ஸெப்பேடா சைக்கிள் என்றால் பெர்ஸெப்பேடா சைக்கிள் ஓட்டுவது. உவாங் பணம் என்றால் பெருவாங் பணமுள்ளவர். கரடிக்கும் பெயர் பெருவாங்தான், எழுத்துக்கூட்டலும் அதேதான். ஆகவே பணக்காரரைப் புகழும்போது கவனம்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு ஜகார்த்தா தெருவில் இறங்கினால், பேச்சில் 'மெ'யையே காணோம்! மூக்கொலி மட்டும் மிஞ்சியிருக்கும்: நுலிஸ், ஙிரிம், ஞாப்பு. காப்பிக்கு 'கோப்பி', காப்பி குடிப்பது 'ஙோப்பி'. யாராவது 'ஙோப்பி யுக்' என்றால் அகராதியைத் தேடாதீர்கள், கூடவே கிளம்புங்கள்.