கொட்டாங்குச்சியில் ஒரு தலையாட்டி பொம்மை

பள்ளிக் கண்காட்சியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று ஒரு மேஜை கட்டாயம் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் பாதிப் பொருள் முந்தின நாள் சாயங்காலம் கடையில் வாங்கிய புது ஐஸ் குச்சியும் புதுப் பேப்பர் கப்பும்தான். நாம் செய்யப்போகும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு வண்ணத்தைத் தவிர எதையும் வாங்க வேண்டாம்.

வேண்டியவை: அரை மூடிக் கொட்டாங்குச்சி, பழைய செய்தித்தாள், ஒரு கல்யாணப் பத்திரிகை, களிமண், கொஞ்சம் மணல், மைதா, வெந்தயம், வகுப்பில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகள்.

1. கொட்டாங்குச்சி

கண் இல்லாத பாதியை எடுங்கள். அடி நன்றாக உருண்டையாக இருக்க வேண்டும். கூம்பின மூடி நிற்காது, எவ்வளவு கனம் வைத்தாலும் சாயும். நாரை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் கையைக் கிழிக்கும், அதையும் தேய்த்துவிடுங்கள்.

2. கனம் ஏற்றுவது

பொம்மையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. சாய்த்த பொம்மை எழுந்து நிற்க வேண்டுமானால் அதன் ஈர்ப்பு மையம், அடிப்பாகத்து வளைவின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

களிமண்ணில் பாதியளவு மணல் சேர்த்துப் பிசைந்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை அழுத்தி நிரப்புங்கள். மணல் சேர்த்தால் காயும்போது மண் அதிகம் சுருங்காது. அப்படியும் சுருங்கி ஆடினால் இடுக்கில் பசையை ஊற்றுங்கள். மண் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

3. பசை

இரண்டு மேஜைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கஞ்சிபோலக் காய்ச்சுங்கள். அடுப்பு வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். பூஞ்சை வராமலிருக்க ஒரு சிட்டிகை உப்பு போடலாம். சுவரொட்டிப் பசையில் போடும் மயில்துத்தம் மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம்.

4. உடம்பு

பத்திரிகை அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, கொட்டாங்குச்சியின் வாய்மேல் பொருத்துங்கள். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று இழைந்து ஒட்டும். ஒரு பக்கமாக இழுத்தால் நேராகக் கிழியும், மறு பக்கமாக இழுத்தால் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டால் வேலை சுலபம். பட்டைகளைப் பசையில் தோய்த்து, கொட்டாங்குச்சியும் கூம்பும் சேரும் இடத்தை மூடி மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது.

இப்போது ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எழுந்து நின்றால் சரி. படுத்தே கிடந்தால் கூம்பின் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

5. முகம்

கூம்பின் உச்சியில் ஒரு காகித உருண்டையைத் தலையாக ஒட்டுங்கள். மூக்கு, கன்னம், கிரீடம் இவற்றுக்கு மட்டும் காகிதக் கூழ் போதும். கூழ் கனமானது, மேலே அப்பினால் பொம்மை சாய்ந்துவிடும். இரவு முழுக்க ஊறிய காகிதத்தை அரைத்து, துணியில் இறுக்கிப் பிழிந்து, பசையும் ஊறவைத்து அரைத்த வெந்தயம் ஒரு கரண்டியும் சேர்த்துப் பிசையுங்கள். முறத்தின் ஓட்டையை அடைக்க ஆச்சிமார் மெழுகிய அதே கூழ்தான். வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

முதல் நாள் நிழலில் காயட்டும், பிறகு வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு உச்சி வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

6. பூச்சு, வண்ணம்

சாக்பீஸைப் பொடித்துப் பசையில் குழைத்து மெல்லிசாகப் பூசினால் செய்தி எழுத்தெல்லாம் மறையும். காய்ந்ததும் லேசாக உப்புத்தாள் போட்டு, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அடர்த்தியாகத் தீட்டுங்கள். கண்ணைக் கடைசியாக எழுதினால் கை பட்டு அழியாது.

நகைக்குப் பழைய பொத்தான், சட்டையில் உதிர்ந்த ஜமிக்கி. உடைந்த கண்ணாடி வளையலையும் வைக்கலாம். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் உடைந்த வளையலையும் ஓட்டுத் துண்டுகளையும் கொண்டே சிலைகள் செய்து ஒரு தோட்டத்தை நிரப்பினார். 1976இல் திறந்த அந்த ராக் கார்டனை இன்றும் பார்க்கலாம். ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கையில் வளையல் துண்டைக் கொடுக்காதீர்கள், பொத்தானே போதும்.

நகையை முன்னால் மட்டும் ஒட்டினால் பொம்மை அந்தப் பக்கமே சாயும். பின்னாலும் கொஞ்சம் ஒட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.