ஆவணியில் காணி பார்க்காதீர்கள்: மட்டக்களப்புப் பக்கம் குடிவருகிறவர்கள் விடும் பிழைகள்

கொழும்பிலோ வெளிநாட்டிலோ பல வருடம் இருந்துவிட்டு, "இனி ஊரோடயே இருப்பம்" என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் இடம் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை, மாமாங்கக் கோயிலில் தீர்த்தம், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று, மழையே இல்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மோட்டார் சைக்கிள் போகாத ஒழுங்கை கிடையாது. தரகர் காட்டுகிற காணியும் காய்ந்து, மேடாக, அழகாகத்தான் இருக்கும். அந்த ஒரு மாதத்தை வைத்து முழு வருடத்தையும் முடிவு செய்வதுதான் பெரிய பிழை. மற்றப் பிழைகளில் பாதி அதிலிருந்துதான் முளைக்கிறது.

இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி மாரியில் மூழ்கி, சனம் படகில் போய்வருவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே காணி பார்க்கப் போனால் தரகரை ஒரு பக்கம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "2011 தை வெள்ளத்துக்குத் தண்ணி எதுமட்டும் வந்தது?" அவர் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அதைவிட நம்பகமான அறிக்கை எந்த நிபுணரிடமும் கிடைக்காது.

கிணறு இதற்கு நேர்மாறு. கல்லடி தொடக்கம் களுவாஞ்சிகுடி வரை கடலோர மணல் நிலத்தில், மார்கழியில் தித்திக்கிற கிணறு ஆவணியில் சவர்க்கலாம். வெள்ளத்தை மாரியிலும் கிணற்றைக் கோடையிலும் பார்க்க வேண்டும் என்பதால், ஒரே காணியை இரண்டு தரம் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் அப்போதே பாருங்கள். மணலில் அழுக்கு சுலபமாக ஊறிப் போகும்.

அடுத்தது கடதாசி. "உறுதிக் காணி" என்று வாயால் சொல்வது வேறு, உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) கையில் இருப்பது வேறு. படுவான்கரையிலும் அம்பாறையின் குடியேற்றப் பகுதிகளிலும் நிறையக் காணி அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அந்தக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் காணி உங்களுடையதாகிவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். விற்க வருகிற அண்ணன் நல்ல மனிசனாகவே இருக்கலாம், ஆனால் உறுதி தங்கச்சி பேரில் இருக்கும். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லி ஒரு நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீண்செலவு இல்லை.

இனி வேளாண்மை. காசு போட்டால் நெல் வரும் என்று நினைத்து ஐந்து ஏக்கர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வயல் மலிவாகக் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது குளத்துத் தண்ணீர் பாய்கிறதா, மழையை மட்டும் நம்பிய மானாவாரியா என்பது. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழ் உள்ள வயலிலும், சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வருகிற அம்பாறை வயலிலும் மாரிப் பெரும்போகத்தோடு கோடைச் சிறுபோகமும் செய்யலாம். மானாவாரியில் பெரும்போகம் மட்டும்தான். அதை அறியாமல் இரண்டு போகத்துக்குக் கணக்குப் போட்டு வங்கிக்கடன் எடுத்தால், கடன் மட்டும் இரண்டு போகமும் விளையும்.

விதைக்கும் நாளையும் உங்கள் விடுமுறைக்கு ஏற்ப வைக்க முடியாது. எப்போது விதைப்பு, எத்தனை மாத நெல், தண்ணீர் எப்போது திறப்பது எல்லாம் போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல், தண்ணீர் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையாரையும் தெரியாமல், கமநல சேவை நிலையத்தில் பதிவும் இல்லாமல் இருந்தால், தண்ணீருக்கும் உர மானியத்துக்கும் நீங்கள் வெளியாள்தான். அறுவடை நேரத்திலும் அப்படியே. எல்லா வயலும் ஒன்றாக விளையும், அறுவடை மெசினுக்கு வரிசை, ஈர நெல்லுக்கு வியாபாரி சொல்வதே விலை. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காயவைக்க ஒரு சீமெந்துத் தளம்கூட இல்லாதவர் சபை கொடுக்கும் விலையை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. சரி, காயவைத்தாலும் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் நெல் மூட்டையைப் படுக்கிற அறைக்குள் அடுக்காதீர்கள். யானை மணம் பிடித்து வந்து சுவரை உடைக்கும்.

வேளாண்மை வேண்டாம், கடை போடுவோம் என்கிறவர்களும் மாதம் பார்ப்பதில்லை. நெல் விளையும் ஊரில் காசு புழங்குவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் எல்லோருடைய காசும் வயலுக்குள் கிடக்கும், சாமான் கொப்பிக் கடனில்தான் போகும். அதைத் தாங்க முதல் இல்லாவிட்டால் திறப்புவிழாவைத் தள்ளிப்போடுங்கள். வீட்டு வேலையும் இதே கதை. விதைப்பு, அறுவடை நாட்களில் மேசனுக்குக் கூலியாள் கிடைக்காது. "மறுகா பாப்பம்" என்று அவர் சொன்னால் அடுத்த கிழமை வருவார் என்று எடுக்காதீர்கள், அநேகமாக இந்தப் போகத்துக்கு இல்லை என்று அர்த்தம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நடக்கும் ஊர்களிலும் வேலை நகராது. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ முடியும் வரை சாமான் வாங்கப் போவது வீண் அலைச்சல்.

பொழுதுபோக்கிலும் மாதம்தான் முக்கியம். பாசிக்குடாவில் குழந்தைகளை இறக்கலாம் என்கிற அளவுக்குக் கடல் அடங்கியிருப்பது சித்திரை முதல் புரட்டாதி வரை. அறுகம்பை அலைக்கும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். மார்கழி விடுமுறைக்கு அறை பதிந்துவிட்டுக் கடலைத் திட்டிப் பயனில்லை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் எந்த மாதமும் குளிக்காதீர்கள், அங்கே நீரோட்டம் சொல்லிக்கொண்டு வராது. வாவியில் முதலையும் உண்டு.

வெள்ளம் பார்க்கப் போவதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று வாகனத்தை விடாதீர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் அப்படி வீதியைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

அறுவடைக்குப் பிறகு ஊர்களில் கூத்து அரங்கேற்றம் வரும். கூத்தின் இரண்டு வகையான வடமோடியோ தென்மோடியோ, எதுவானாலும் விடிய விடிய நடக்கும். பத்து மணிக்கே எழும்பி வருகிறவர்கள் முதலில் வரும் கட்டியகாரனை மட்டும் பார்த்துவிட்டுக் கூத்துப் பார்த்தேன் என்கிறார்கள். பாயும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் கொண்டுபோய் விடியும் வரை இருங்கள். இடையில் எழும்பிப் படுவான்கரை வீதியால் இருட்டில் வருவதும் நல்லதில்லை, யானை குறுக்கே நிற்கும்.